தரிப்பிடத்து அறையும் மூன்று பிரதிகளில் ஒரு விண்ணப்பமும்

தேயிலைத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வரும் பெண்கள் பகல் பதினொரு மணிக்கெல்லாம் பஸ்ஸுக்கு ஓடுவதை அலுவலக மாடி ஜன்னலிலிருந்து பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். வந்த வேலை பாதிதான் முடிந்திருக்கும். அடையாள அட்டைக்கு வந்தவள் படிவத்தைக் கொடுத்துவிட்டுக் கையொப்பத்துக்கு நிற்காமல் போய்விடுவாள். அதற்காக இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மலையிறங்கி வருவாள். "இந்தச் சனத்துக்குப் பொறுமையே கிடையாது" என்று நாங்கள் தேநீர் குடித்தபடி பேசிக்கொள்வோம். நானும் அந்தச் சனந்தான். தோட்டத்து லயத்தில் பிறந்து, பரீட்சை எழுதி, பிரதம இலிகிதராக, அதாவது தலைமைக் கிளாக்கராக, ஓய்வு பெற்றவன். ஆனாலும் பேசினேன்.

அவர்களுக்குப் பொறுமை தாராளமாக இருந்தது. ஒதுங்க ஒரு கக்கூஸ்தான் இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து, வழியில் முட்டிவிடக்கூடாது என்று ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறி வந்தவர்கள். பதினொரு மணிக்கு மேல் எந்த உடம்பும் தாங்காது. எங்கள் மாடியில் உத்தியோகத்தர்களுக்கென்று ஒரு மலசலகூடம் இருந்தது. அதன் சாவி என் மேசை லாச்சியில் இருந்தது. கீழே வரிசையில் நின்ற ஒருத்திக்கும் நான் அதை நீட்டியதில்லை. நீட்டக்கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் ஒரு காப்பிரிப் பெண். அந்தச் சொல்லை நான் தேடிப் போடவில்லை. அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவர்களின் வழியில், புத்தளம் பக்கம் பிறந்தவர். சிங்களம் பேசி, மாதா கோயிலுக்குப் போய் வளர்ந்தவர். எங்கள் பக்கத்துத் தோட்டப் பையன் ஒருவன் புத்தளம் பக்கம் ஓடிய பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தான். அவனைக் கலியாணம் செய்துகொண்டு பதுளைக்கு வந்தார். வந்த பிறகு கற்றுக்கொண்ட தமிழ் முழுக்கத் தோட்டத் தமிழ். அதில் பாதி ஏச்சு. புருஷன் இறந்த பிறகு, தோட்ட பஸ்கள் நிற்கும் ஒரு சின்னத் தரிப்பிடத்தில் மலசலகூடம் கழுவும் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அந்தத் தரிப்பிடம் எந்த அலுவலகத்துக்குப் பொறுப்பு என்று கண்டுபிடிப்பதே தனி உத்தியோகம். அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களுக்கு அந்த விளம்பரம் வேண்டாம்.

அவர் வந்தபோது பெண்கள் பக்கத்துக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் ஆண்கள் நின்று சிகரெட் பிடிப்பார்கள். வீதிக்குக் கோடு போட வந்தவர்களிடம் மிச்ச மஞ்சள் பெயின்ற் ஒரு பேணி வாங்கி, வாசலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளித் தரையில் தன் கையால் ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டி எந்த ஆணும் வரக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். அரச வர்த்தமானியில் வராத அந்தச் சட்டத்தைப் போல ஒழுங்காக நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டத்தை என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை.

பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறை இருந்தது. பஸ்களின் நேரத்தைக் குறிப்பவர் ஒரு காலத்தில் இருந்த அறை. பூட்டு துருப்பிடித்துத் தானாக விழுந்ததென்பது அவருடைய வாக்குமூலம். கழித்துவிட்ட பஸ் ஒன்றின் சீட்டுகளை உள்ளே வரிசையாகப் போட்டார். ஒரு மூலையைச் சேலையால் மறைத்தார். அங்கே பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம், துணி மாற்றலாம், நகைக்கடையிலும் துணிக்கடையிலும் வேலை செய்த முஸ்லிம் பிள்ளைகள் மத்தியானத் தொழுகையை அங்கேயே முடித்துக்கொண்டார்கள். கூரைச் சட்டத்தில் ஒரு தூளி. எப்போதும் வெந்நீர். சுவரில் ஆணிகள், ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் இலக்கம். பையை மாட்டிவிட்டு இலக்கத்தைச் சொன்னால் போதும். வெலிமடையிலிருந்து லீக்ஸ் கட்டோடு வந்த சிங்களப் பெண்களும், ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து கிளினிக்குக்கு வந்த பிள்ளைத்தாய்ச்சிகளும் ஒரே சீட்டில் சாய்ந்து கிடப்பார்கள். பெயரையோ ஊரையோ யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு படிவத்திலும் இனம் என்றொரு கட்டம் வைத்து, அது நிரம்பாவிட்டால் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

பதினொரு மணி ஓட்டம் நின்றுபோனது. பெண்கள் மாலை பஸ் வரை டவுனில் நின்றார்கள். தையல் வகுப்புக்காரர்கள் மத்தியான வகுப்பு தொடங்கினார்கள். கடைகள் தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தன. "அந்த அக்கா வந்த பொறகுதான் சார் நமக்கு மத்தியான யாவாரம்னு ஒன்னு இருக்கு" என்று துணிக்கடை முதலாளி ஒருவர் பிற்காலத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். பதுளையின் வளர்ச்சியைப் பற்றி நான் தட்டச்சு செய்து அனுப்பிய அறிக்கைகள் பல அடி உயரம் இருக்கும். அவற்றில் அந்த அறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அப்படி ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

தெரியவந்தது ஓய்வுபெற்ற பிறகு. என் மனைவிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அவசரம் என்றாள். அவளை அந்தத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு வாசலில் நின்றேன். கழுவிக்கொண்டிருந்த அவர் உள்ளேயிருந்து கத்தினார்.

"ஏய் பெரியவரே! கண்ணு தெரியாதா? கோட்டுக்கு அங்கிட்டுப் போய் நில்லு!"

வெள்ளைச் சேர்ட்டோடும் பேனாவோடும் நிற்பவனை இந்த ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான் என் மனைவிக்காக நிற்கிறேன்."

"எல்லாரும் யாருக்காச்சும்தான் நிக்கிறாய்ங்க. அங்கிட்டு நின்னா பொண்டாட்டி வேற ஆளாயிருமா?"

பஸ்ஸுக்கு நின்ற சனம் சிரித்தது. நான் கோட்டுக்கு அப்பால் போனேன். மனைவி முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தாள், கையில் இஞ்சித் தேத்தண்ணி.

"ஏங்க, இத்தன வருசமா இந்த ஊர் ஆபீஸ்ல இருந்தீங்க. இப்பிடி ஒரு எடம் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதானே. ஒங்களுக்குத்தான் மேல கக்கூஸ் இருந்துச்சே."

அதற்குப் பிறகு அவள் கிளினிக் இல்லாத நாட்களிலும் டவுனுக்கு வரத் தொடங்கினாள். நான் கோட்டுக்கு அப்பால் ஒரு சிமெந்துத் திட்டில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். அங்கிருந்தபடியே அந்தக் காப்பிரிப் பெண்ணும் நானும் பழக்கமானோம். என் பழைய உத்தியோகம் தெரிந்ததும் அவர் என்னைக் கிளாக்கர் ஐயா என்று கூப்பிட்டார். மரியாதையா கேலியா என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பதினெட்டு வருடமாக அவர் தற்காலிகம். நிரந்தர நியமனம் இல்லை. அறை யாருடைய பதிவேட்டிலும் இல்லை. நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால் அறையும் போய்விடும். முறைமை தெரிந்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? விண்ணப்பம் போடலாம் என்றேன். அறையை முறைப்படி மகளிர் ஓய்வறையாக ஏற்க வேண்டும், அவரை அதன் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும், வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும்.

"இப்ப நல்லாத்தானே ஓடுது ஐயா. எதுக்கு எழுத்து?"

"எழுத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு."

"எழுத்துல இல்லாததால யாரும் திரும்பிப் பாக்கல. அதுதான் எனக்குப் பாதுகாப்பு."

நான் சிரித்தேன். படிக்காதவர்களின் பயம் என்று நினைத்தேன். ஒரு மாதம் அவரை விடவில்லை. என் மனைவியையும் சேர்த்துக்கொண்டு வற்புறுத்தினேன். கடைசியில், "சரி, எழுதித் தொலைங்க" என்றார்.

மூன்று பிரதிகள், சிங்களத்திலும் தமிழிலும். இணைப்பு ஒன்று, அறையைப் பயன்படுத்தும் பெண்களின் கையொப்பங்கள். இணைப்பு இரண்டு, புகைப்படங்கள். இணைப்பு மூன்று, அறையின் வரைபடம். நாடா பிடித்து நானே அளந்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, தண்ணீர்க் குழாய் எங்கே பிரிகிறது என்பதைச் சிவப்பு மையால் காட்டியிருந்தேன். வாழ்நாளில் நான் தயாரித்த மிக நேர்த்தியான ஆவணக் கோவை அது. தரிப்பிடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்தேன்.

மூன்றாவது வாரம் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் நாடாவோடு வந்தார். கையில் என் வரைபடத்தின் நகல். நான் காட்டியிருந்த சிவப்புக் கோட்டின் வழியே விரலை வைத்துக்கொண்டு நடந்தார். அனுமதியில்லாத மின் இணைப்பு. அனுமதியில்லாத குழாய். சொத்துப் பதிவேட்டில் கைவிடப்பட்டதென்று இருக்கும் கட்டடத்தில் அனுமதியில்லாத பாவனை. அவர் கண்டுபிடிக்கவேண்டியது எதுவும் இருக்கவில்லை. எல்லாம் என் கையெழுத்தில் இருந்தது.

காப்பிரிப் பெண்ணுக்கு விசாரணைக்கு அழைப்பு வந்தது. அதே வாரத்தில் அதே அலுவலகத்திலிருந்து இன்னொருவரும் வந்தார், கலாசாரப் பிரிவுப் பிள்ளை, நல்ல சேலை, நல்ல சிரிப்பு. மகளிர் தின விழாவில் எல்லா இனத்துப் பெண்களையும் மேடையேற்றப் போகிறார்களாம். விண்ணப்பத்தில் இவருடைய காப்பிரிப் பூர்வீகத்தை நான்தான் எழுதியிருந்தேன். அனுதாபம் கிடைக்கும் என்று.

"அம்மா, ஒங்க ஆளுங்க ஆடுவாங்களே, அந்த ஆட்டம். பத்து நிமிசம் போதும்."

"எனக்கு ஆடத் தெரியாதும்மா."

"ஐயோ, ஒங்களுக்கெல்லாம் அது ரத்தத்துலயே இருக்குமே!"

"ரத்தத்துல சீனிதான் இருக்கு. டொக்டர் சொன்னாரு."

உள்ளேயிருந்த பெண்கள் சேலைத் திரைக்குப் பின்னால் வெடித்துச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை விடவில்லை. உடுப்பும் தாங்களே தருவதாகச் சொல்லி, தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டியது. ஓலைப் பாவாடை. ஞாயிற்றுக்கிழமை தோறும் இஸ்திரிப் பெட்டி போட்ட சட்டையும் சீத்தைத் துணியுமாகப் பூசைக்குப் போகிற மனுசி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத ஒங்க பெரிய ஐயாவுக்குக் கட்டிவிடுங்க. அவரு ஆடுனா நானே முன்னுக்கு வந்து ஒக்காந்து கை தட்டுறேன்."

நான் கொதித்துப்போனேன். இந்த ஊரின் பாதிச் சனத்துக்கு ஊரைத் திறந்துவிட்டவர் அவர். அது அலுவலகத்தின் கண்ணுக்கு அனுமதியில்லாத பாவனை. அவருடைய தோலும் தலைமயிரும் மட்டும் பத்து நிமிட நிகழ்ச்சி. முறைப்பாடு எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

"பேனாவ உள்ளுக்கு வைங்க ஐயா" என்றார். "நீங்க எழுதுனதே இன்னும் செமிக்கல."

விசாரணைக்கு நானும் போனேன். எழுத்தறிவில்லாதவருக்கு உதவியாளர் ஒருவர் வரலாம் என்ற விதியைச் சுட்டிக்காட்டி அனுமதி பெற்றேன். அதில் ஒரு பொய் இருந்தது. அவருக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"இந்த வரைபடத்தைக் கீறியது யார்?"

"நான்."

"அளவுகள் சரியா?"

"சரி." என் அளவுகள் பிழைத்ததில்லை.

"அப்படியானால் சாட்சி தேவையில்லை" என்று கோவையை மூடினார்.

இருநூற்றுச் சொச்சம் கையொப்பங்கள் இருக்கின்றனவே என்றேன். பாதி கைநாட்டு, உறுதிப்படுத்தப்படவில்லை என்றார். அவர் சொன்னது விதிப்படி சரி. அதே விதியைக் காட்டி எத்தனை பேரின் மனுவை நான் திருப்பியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பழகியவர்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த காப்பிரிப் பெண் வாயைத் திறந்தார். தமிழில்தான் பேசினார், எனக்குக் கேட்கட்டும் என்றோ என்னவோ.

"பதினெட்டு வருசமா மூக்கப் பொத்திக்கிட்டுக்கூட ஒருத்தரும் அந்தப் பக்கம் வரல. இப்ப டேப் எடுத்துக்கிட்டு வாறீங்க. அந்த ரூம எடுத்துக்கங்க. வார பொம்பளைங்க எங்க ஒக்காரணும்னு மட்டும் சொல்லிட்டு எடுங்க."

நடுவில் இருந்தவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அது விசாரணையின் எல்லைக்குள் வராது என்று குறிப்பெழுதச் சொன்னார்.

அறையைக் காலிசெய்து வேலையையும் விட்டு விலகப் பதினான்கு நாள் அவகாசம் தந்த கடிதம் வந்தது. மேன்முறையீடு இருந்தது, போட்டேன். மேலதிகாரிக்கு முறையிடலாம், முறையிட்டேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் கிடைத்ததென்று பதில் வந்தது. மகளிர் தினம் நடுவில் வந்து போனது. வேறு யாரோ ஒரு பிள்ளைக்கு முகத்தில் கரி பூசி ஆடவிட்டார்கள் என்று என் மனைவி கேள்விப்பட்டுவந்து சொன்னாள். அன்றைக்கு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினைந்தாவது நாள் பூட்டோடு வந்தார்கள். உள்ளே ஒருத்தி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "முடியட்டும்" என்று சொல்லி அவர் வாசலில் நின்றார். பூட்டோடு வந்த இரண்டு பேரும் தம்மை அறியாமல் மஞ்சள் கோட்டுக்கு அப்பாலேயே காத்து நின்றார்கள். குழந்தை குடித்து முடித்தது. தூளியை அவிழ்த்து மடித்தார். ஆணிகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பேணியில் போட்டார். பஸ் சீட்டுகளை ஆட்டோவில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வசனங்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஒன்றையும் அவர் சொல்ல விடவில்லை.

"கிளாக்கர் ஐயா, நீங்க கெட்டவரு இல்ல. கெட்டவருன்னா நான் ஒங்க பேச்சக் கேட்டிருக்க மாட்டேன்ல?"



அந்த அறை இப்போது சுற்றுலாத் தகவல் நிலையம். எல்ல என்ற ஊருக்குப் போகிறவர்கள் வழி கேட்பதற்காம். வழி கேட்டு ஒருவரும் அங்கே வருவதில்லை. கையில் தொலைபேசி இருக்கிறது. சுவரில் கூடை சுமந்த கொழுந்துக்காரி ஒருத்தியைப் பெரிதாகக் கீறியிருக்கிறார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீறியவன் ஒரு நாள் முழுக்க அந்தத் தரிப்பிடத்தில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்று பார்த்திருந்தால் அந்தச் சிரிப்பை வைத்திருக்கமாட்டான். கோட்டின்மேல் புதிதாகக் கல் பதித்துவிட்டார்கள், ஆண்கள் மறுபடியும் வாசலில் நின்றார்கள். முதல் இரண்டு மாதம் பெண்கள் மறுபடியும் பதினொரு மணிக்கு ஓடினார்கள். பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு அதை நான் பார்த்தேன். என் ஒருவனுடைய நேர்த்தியான கையெழுத்துக்கு விலையாக ஓர் ஊரின் பெண்கள் மத்தியானத்தைக் கொடுத்தார்கள்.

பிறகு ஓட்டம் குறைந்தது. என் மனைவி ஒருநாள் இரண்டு மணித்தியாலம் காணாமல் போய், இஞ்சி வாசத்தோடு திரும்பி வந்தாள். எங்கே என்று கேட்டேன். "ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள். ஒரு கடைக்காரர் தன் பின்பக்கத்துக் களஞ்சியத்தைக் காப்பிரிப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாராம். எந்தத் தெரு, எந்தக் கடை, அந்தக் கடைக்காரர் எந்தச் சாதி எந்தச் சமயம் என்பதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவற்றை இங்கே எழுதமாட்டேன். தேவையானவர்களுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பக்கத்தில் வருபவள் சொல்லிவிடுகிறாள்.

போன மாதம் அந்த அலுவலகத்திலிருந்து தொலைபேசி. விசாரணையில் நடுவில் இருந்தவரேதான். குரலில் பழைய மரியாதை.

"சேர், அந்த மனுசி இப்போது எங்கேயோ அனுமதியில்லாமல் நடத்துகிறாளாம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எந்த இடம்?"

நாற்பது வருடச் சேவையில் ஒரு மேலதிகாரியிடமும் நான் தகவல் மறைத்ததில்லை.

"எழுத்தில் கேளுங்கள்" என்றேன். "மூன்று பிரதி. சிங்களத்திலும் தமிழிலும். எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்."

கடிதம் வந்தது. பிரதிகள் இரண்டுதான் இருந்தன, தமிழ்ப் பிரதி இல்லை. குறைபாடுடையது என்று குறித்து, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.